சுமை அதிகமான செமஸ்டரில் எந்த எலெக்டிவை எடுப்பது?

கேள்வி இது: வரப்போகும் செமஸ்டரில் ஐந்து கோர் பேப்பர் (கட்டாயப் பாடம்), இரண்டு லேப், ஒரு மினி புராஜெக்ட். இவற்றோடு 3 கிரெடிட்டுக்கு ஓர் எலெக்டிவும் (நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்) எடுக்க வேண்டும். பட்டியலில் மெஷின் லேர்னிங், உளவியல் அறிமுகம், பொருளாதார அறிமுகம், டெக்னிக்கல் ரைட்டிங் என நான்கு இருக்கின்றன. உளவியல் ஸ்கோரிங் பேப்பர் (மதிப்பெண் எளிதில் கிடைக்கும் பாடம்) என்று வகுப்பில் பாதிப் பேர் அதற்குப் பெயர் கொடுக்கிறார்கள். கேட்டவருக்கு மெஷின் லேர்னிங் மேல் ஆசை, ஆனால் சமாளிக்க முடியுமா என்று பயம்.

ஆசை, பயம் இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒன்றைப் பார்ப்போம். ஒரே 3 கிரெடிட் போட்ட இரண்டு பாடங்களில் ஒன்று வாரத்துக்கு 5 மணி நேரம் கேட்கும், இன்னொன்று 11 மணி நேரம் கேட்கும். ஒன்று வாராவாரம் சிறுகச் சிறுக வேலை வாங்கும். இன்னொன்று பத்து வாரம் சும்மா இருந்துவிட்டு, கடைசி நான்கு வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். சுமை அதிகமான செமஸ்டரில் ஓர் எலெக்டிவ் உங்களைத் தூக்கிவிடுவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு விஷயங்களால்தான்: எத்தனை மணி நேரம், எந்த வாரத்தில். சிலபஸ் சுவையாக இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கிரெடிட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்

கிரெடிட் என்பது உலகம் முழுக்க ஒரே அளவுகோல் அல்ல. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு. அந்தக் கணக்கில் 3 கிரெடிட் பாடம் வாரத்துக்கு 9 மணி நேரம். 15 வாரத்துக்கு 135 மணி நேரம். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். ஆக 3 கிரெடிட் என்றால் 75 முதல் 90 மணி நேரம்தான். வகுப்பு நேரத்தை மட்டும் வைத்துக் கிரெடிட் போடும் கல்லூரிகளும் உண்டு. அங்கே வீட்டில் எவ்வளவு வேலை என்பது அந்த எண்ணில் இருக்கவே இருக்காது. அதனால் உங்கள் கல்லூரியின் விதிமுறைக் கையேட்டில் கிரெடிட்டுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் வாரம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 56 போகும். சாப்பாடு, குளியல், துணி துவைப்பது போன்றவற்றுக்கு நாளுக்கு 3 மணி நேரம், 21. கல்லூரிக்குப் போய்வர நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக ஆறு நாள், 9. வீடு, நண்பர்கள், விளையாட்டு, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாவற்றுக்குமாக 10. மீதி 72 மணி நேரம். பகுதி நேர வேலை இருந்தால் இதிலிருந்து கழியுங்கள். தூக்கத்தை 6 மணி நேரமாக்கி 14 மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். தூக்கம் குறைந்தால் படித்தது தங்காது. மிச்சம் பிடித்த நேரத்தைத் திரும்பப் படிப்பதிலேயே செலவிடுவீர்கள்.

இப்போது கட்டாயச் செலவு. ஐந்து கோர் பேப்பருக்கு வாரத்துக்குத் தலா 3 மணி நேர வகுப்பு என்றால் 15. இரண்டு லேப் தலா 3 மணி நேரம் என்றால் 6. வகுப்பறையில் மட்டும் 21. வெளியே செய்யும் படிப்பில், கணக்கு நிறைந்த பேப்பருக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரமும், தியரி பேப்பருக்கு ஒரு மணி நேரமும் வையுங்கள். மூன்று கனமானவை, இரண்டு இலகுவானவை என்றால் 18 + 6 = 24. லேப் ரெக்கார்டு எழுத 4, மினி புராஜெக்டுக்கு 5. மொத்தம் 54.

72-இல் 54 போக 18 மிச்சம். எலெக்டிவுக்கு 18 மணி நேரம் இருக்கிறது என்று இங்கேதான் பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். காய்ச்சல் வரும், லேப்பில் அளவீடு சரியாக வராமல் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், வீட்டில் விசேஷம் வரும். மொத்தத்தில் 15 சதவீதத்தை, அதாவது சுமார் 11 மணி நேரத்தை, தொடாமல் ஒதுக்கி வையுங்கள். கையில் இருப்பது 7. இந்த 7-க்குள் எலெக்டிவ் வகுப்பின் 3 மணி நேரமும் அடக்கம். வீட்டில் செய்யும் வேலைக்கு 4 மணி நேரம்தான். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இப்படி ஓர் எண் கைக்கு வந்த பிறகுதான் பாடப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

11 மணி நேரம் ஒதுக்குவது அதிகம் என்று தோன்றினால் இதைக் கவனியுங்கள். நாம் எல்லோருமே நம் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுவோம். 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் இதைத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டு எழுதினார்கள். 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனது 55 நாள். ஆகவே "இந்த அசைன்மென்ட் இரண்டு மணி நேரம்" என்று மனது சொன்னால், மூன்று என்று எழுதிக்கொள்வதுதான் நியாயம்.

வாரக் கட்டம்

சராசரி 7 மணி நேரத்துக்குள் அடங்கும் பாடமும் உங்களைக் கவிழ்க்கலாம். சராசரி என்பது எல்லா வாரத்தையும் சேர்த்துச் சமப்படுத்திக் காட்டுவது. நாம் வாழ்வதோ ஒவ்வொரு வாரமாக. எனவே 1 முதல் 15 வரை எண் போட்டு ஒரு கட்டம் வரையுங்கள். கோர் பேப்பர்களின் இன்டர்னல் தேர்வு (செமஸ்டர் நடுவே கல்லூரி வைக்கும் தேர்வு) வாரங்களை முதலில் குறியுங்கள். பெரும்பாலும் 5, 10 அல்லது அதை ஒட்டி வரும். மினி புராஜெக்ட் ரிவ்யூ எந்த வாரங்களில்? 4, 9, 14 என்று வைத்துக்கொள்வோம். லேப் மாடல் தேர்வு, ரெக்கார்டு சமர்ப்பிப்பு, வைவா (வாய்மொழித் தேர்வு) ஆகியவை 13, 14. இதைப் போட்டு முடித்ததுமே தெரிந்துவிடும், 9-10, 13-14 ஆகிய வாரங்களில் ஊசி நுழையவும் இடமில்லை என்று.

எலெக்டிவ் பாடங்களின் வேலை மூன்று வடிவங்களில் வரும். ஒன்று, சொட்டுச் சொட்டாக வருவது: வாரம் ஒரு சிறு வினாத்தாள், ஒரு பக்கக் கட்டுரை, ஐந்து கணக்கு. இரண்டாவது, இரண்டு திமில் வைத்த ஒட்டகம் போல: இன்டர்னலும் இறுதித் தேர்வும் மட்டும், நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாவது, வால் கனத்தது: மதிப்பெண்ணில் பாதி, செமஸ்டர் கடைசியில் கொடுக்கும் புராஜெக்டிலோ நீண்ட கட்டுரையிலோ இருக்கும்.

நடுவில் ஒன்றுமில்லாத இரண்டாவது வகைதான் சுலபம் என்று பெயர் வாங்கும். ஆனால் துறை முழுவதும் ஒரே வாரத்தில் இன்டர்னல் வைப்பதால், அந்தத் திமில் சரியாக உங்கள் கோர் பேப்பர் தேர்வுகளின் மேலேயே வந்து உட்காரும். ஐந்து பேப்பருக்குப் படிக்கும் வாரத்தில் ஆறாவதாக, அதுவரை திறந்தே பார்க்காத ஒரு புத்தகம். மூன்றாவது வகை இன்னும் ஆபத்து. அதன் வால் 13, 14-ஆம் வாரங்களில் வந்து விழும். லேப் அதிகமுள்ள செமஸ்டருக்கு என் முதல் தேர்வு எப்போதும் சொட்டு வகைதான். வாரம் இரண்டு மணி நேரம் கேட்கும், கொடுத்துவிட்டால் விலகிப்போகும். ஒரு வாரம் தவறினாலும் போவது நூற்றுக்கு மூன்று, நான்கு மதிப்பெண். சில ஆசிரியர்கள் பத்து வினாத்தாளில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் 9, 14-ஆம் வாரங்களில் விடுப்பு எடுத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதிச் சீட்டே கிடைத்த மாதிரி.

குழு புராஜெக்ட் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஏற்கெனவே மினி புராஜெக்டில் ஒரு குழு இருக்கும்போது, இன்னொரு குழு என்றால் வேலையைவிட ஆட்களின் நேரத்தை ஒத்துவர வைப்பதே பெரிய வேலை. நான்கு பேர் டைம்டேபிளிலும் பொதுவாக ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. வேறு துறை மாணவர்கள் சேரும் பொது எலெக்டிவ் என்றால் இன்னும் சிரமம்.

டைம்டேபிளில் அந்த எலெக்டிவ் விழும் இடமும் நேரத்தைத் தின்னும். மூன்று மணி நேர லேப் முடிந்து நிற்கும்போது மாலை கடைசி மணி நேரத்தில் எலெக்டிவ் என்றால், பாதி வகுப்பு காதில் ஏறாது. ஏறாததை வீட்டில் படிக்க வேண்டும். வகுப்பே இல்லாத ஒரு நாளில் எலெக்டிவுக்காக மட்டும் கல்லூரி வர வேண்டுமென்றால், அந்த ஒரு மணி நேர வகுப்பின் உண்மையான விலை பயணத்தோடு சேர்த்து இரண்டரை மணி நேரம். இறுதித் தேர்வு அட்டவணையில் எந்தெந்த ஸ்லாட்டுகள் ஒரே நாளில் வருகின்றன என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரே நாளில் காலை ஒரு கனமான கோர் பேப்பர், மாலை எலெக்டிவ் என்று அமைந்தால், இரண்டில் ஒன்று அடிபடும்.

எந்த மாதிரி உழைப்பு

மணி நேரங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. கணக்குப் போடும் மூளைக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு நல்ல மணி நேரங்கள்தான் கிடைக்கும். உங்கள் கோர் பேப்பர்கள் ஏற்கெனவே அவற்றை வாங்கிக்கொண்டால், நான்காவதாக ஒரு கணக்குப் பாடம் மிச்சமிருக்கும் களைத்த நேரத்தில்தான் நடக்கும். அப்போது இரண்டு மணி நேர வேலை நான்காகும். வாசிப்போ எழுத்தோ சார்ந்த எலெக்டிவ் அந்தக் களைத்த நேரத்திலும் ஓரளவு நடக்கும். ஆனால் வாசிப்பே உங்களுக்குச் சிரமம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்: பாடப் புத்தகத்தில் நடுவிலிருந்து 10 பக்கம் எடுத்து, குறிப்பெடுத்தபடி படித்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 50 நிமிடம் ஆகி, வாரத்துக்கு 60 பக்கம் என்று சிலபஸ் சொன்னால், அது 5 மணி நேரம். உங்களிடம் இருப்பது 4.

மறைந்திருக்கும் முன்தேவை

முன்தேவை எதுவும் இல்லை என்று பட்டியலில் அச்சிட்டிருப்பது, பெயர் கொடுக்கத் தடை இல்லை என்ற பொருளில்தான். முதல் வாரம் எல்லாருக்கும் புரிகிற மாதிரிதான் இருக்கும். மூன்றாவது வாரத்தில்தான் அடித்தளம் கேட்கும். மெஷின் லேர்னிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அணிப் பெருக்கல், பகுதி வகையீடு, நிபந்தனை நிகழ்தகவு, பைத்தானில் ஒரு கோப்பைப் படித்து அட்டவணையாக்கும் அளவுக்கு நிரல் எழுதும் பழக்கம் ஆகிய நான்கும் கையில் இல்லாதவர், பாடத்தையும் அடித்தளத்தையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியிருக்கும். அப்போது வாரம் 5 மணி நேர அசைன்மென்ட் 8 ஆகும். பொருளாதார அறிமுகத்தில் வரைபடமும் சரிவும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். உளவியல் அறிமுகத்தில் சில இடங்களில் புள்ளியியல் வரும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. போன வருடத்தின் முதல் அசைன்மென்டை விட்டுவிட்டு, மூன்றாவதைக் கேட்டு வாங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் முயலுங்கள். முடிக்க வேண்டியதில்லை. எங்கே தொடங்குவது என்றாவது 20 நிமிடத்துக்குள் பிடிபட்டால் அந்தப் பாடத்தை எடுக்கலாம். 40 நிமிடம் ஆகியும் கேள்வி என்ன கேட்கிறது என்றே விளங்கவில்லை என்றால், அறிவு போதவில்லை என்று பொருளல்ல. இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படியை விடுமுறையில் கட்டிவிட்டு வரலாம். ஐந்து கோர் பேப்பர் ஓடும்போது கட்ட முடியாது.

ஸ்கோரிங் பேப்பர் என்ற நம்பிக்கை

மதிப்பெண்ணுக்காகவே ஓர் எலெக்டிவை எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அதன் பலன் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். கோர் 15 கிரெடிட், லேப் இரண்டும் சேர்ந்து 3, மினி புராஜெக்ட் 2, எலெக்டிவ் 3 என்று வைத்தால் செமஸ்டர் மொத்தம் 23. எலெக்டிவில் ஒரு கிரேடு புள்ளி கூடினால் செமஸ்டர் சராசரி 3/23, அதாவது 0.13 உயரும். முழுப் படிப்பும் 160 கிரெடிட் என்றால் மொத்த சிஜிபிஏவில் (எல்லா செமஸ்டருக்குமான கிரேடு சராசரியில்) சுமார் 0.02. அதே எலெக்டிவின் பாரத்தால் இரண்டு கோர் பேப்பரில் தலா ஒரு புள்ளி குறைந்தால் 6/23, அதாவது 0.26 இறங்கும். ஏறியதைப் போல இரண்டு மடங்கு. கோர் பேப்பரில் அரியர் விழுந்தால் (தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுத வேண்டி வந்தால்) இழப்பு இன்னும் பெரிது. அடுத்த செமஸ்டரின் நேரத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஆக, கோர் பேப்பர்களின் மேல் கை வைக்காத எலெக்டிவ்தான் உண்மையில் ஸ்கோரிங்.

மதிப்பிடும் முறை ஒப்பீட்டு முறையா, நேரடி முறையா என்றும் கேளுங்கள். வகுப்பில் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்துக் கிரேடு போடும் இடத்தில், சுலபமான பாடத்தில் எல்லாரும் 85 வாங்குவார்கள். 80 வாங்கியவர் கீழே போவார். 90-க்கு மேல் இன்ன கிரேடு என்று நேரடியாகக் கொடுக்கும் இடத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. வகுப்பில் பாதிப் பேர் உளவியலுக்குப் போகிறார்கள் என்பதை இந்தக் கண்ணோட்டத்தோடு பாருங்கள்.

சீனியர்களிடம் கேட்பது

"ஈசியா அண்ணா?", "ஈசியா அக்கா?" என்று கேட்டால் அவரவர் மனநிலைதான் பதிலாக வரும். எண்ணாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். ஆறாவது வாரத்தில் வீட்டில் எத்தனை மணி நேரம் ஆனது? மிக மோசமான வாரம் எது, ஏன்? இன்டர்னல் கேள்விகள் கணக்கா, கட்டுரையா, கொடுத்த நோட்ஸிலிருந்து அப்படியேவா? திருத்திய தாள் எத்தனை நாளில் திரும்ப வந்தது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை, ஆனால் முக்கியமானது. முதல் இன்டர்னல் மதிப்பெண் பாடத்தை விட்டு விலகும் கடைசித் தேதிக்கு முன்னால் வராவிட்டால், இருட்டில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அவர்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியரேதான் இந்த முறையும் எடுக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். ஆசிரியர் மாறினால் சீனியர் சொன்னதில் பாதி செல்லாது. குறைந்தது மூன்று பேரிடமாவது கேளுங்கள். அதில் ஒருவர் சுமாரான மதிப்பெண் வாங்கியவராக இருக்கட்டும். பாடம் எங்கே இடறும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் மூன்று வாரம்

உங்கள் கல்லூரியில் பாடத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தால் அதைச் சோதனைக் காலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எலெக்டிவ் வகுப்புகளுக்கும் போய் உட்கார அனுமதி கிடைத்தால் முதல் வாரம் இரண்டுக்கும் போங்கள். ஒவ்வொரு முறை அந்தப் பாடத்தைத் தொடும்போதும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். கூடவே ஒரு விதியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "தொடர்ந்து இரண்டு வாரம் 7 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்றுவேன்." முன்பே எழுதாவிட்டால், "அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்று மனது சமாதானம் சொல்லும், தேதி கடந்துபோகும்.

தேதிகள் பெரும்பாலும் இரண்டு இருக்கும், இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கமாக நடக்கும் தவறு. முதல் தேதிக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. இரண்டாவது தேதிக்குள் விட்டால் விலகியதாகக் குறிப்பு விழும், கட்டணமும் திரும்பாமல் போகலாம். விட்ட பிறகு மீதமுள்ள கிரெடிட், உதவித்தொகைக்கோ விடுதிக்கோ தேவையான குறைந்தபட்சத்துக்குக் கீழே போகிறதா என்பதை முன்பே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் பதிவாகும் முறை இருந்தால், ஆசைப்பட்ட கடினப் பாடத்தை அந்த வழியில் எடுக்கலாம். ஆனால் அந்தப் பாடம் பின்னால் வரும் எதற்காவது முன்தேவையாக இருந்தால், கிரேடு இல்லாத தேர்ச்சியை ஏற்பார்களா என்று பார்க்க வேண்டும்.

ஆன்லைன் எலெக்டிவ் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பு நேரம் இல்லாததால் இலகுவாகத் தோன்றும். டைம்டேபிளில் இடம் இல்லாத பாடத்துக்கு வாரத்திலும் இடம் இருக்காது. ஆறு வார வீடியோ ஒரே இரவில் பார்க்கக் காத்திருக்கும். எடுத்தால், கிழமையும் நேரமும் குறித்து, கல்லூரி வகுப்பைப் போலவே அதில் உட்காருங்கள்.

எடுத்த பிறகு

வகுப்பு நடந்த அன்றே 20 நிமிடம்: நோட்டை மூடி வைத்து, இன்று என்ன நடந்தது என்று ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, தன்னைத்தானே சோதித்துக்கொள்வது ஒரு வாரத்துக்குப் பிறகும் அதிகம் தங்குகிறது என்று 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரின் ஆய்வு காட்டியது. எலெக்டிவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் இன்டர்னல் வாரத்தில் அதற்கென்று தனியாக நேரம் கிடைக்காது. அசைன்மென்ட் கொடுத்த அன்றே கேள்வியைப் படித்து முதல் வரியையாவது எழுதிவிடுங்கள். எங்கே இடிக்கும் என்று அப்போதே தெரிந்தால் ஆசிரியரிடம் கேட்க ஐந்து நாள் இருக்கும். கடைசி இரவில் தெரிந்தால் கேட்க ஆள் இருக்காது.

நெருக்கடி வாரத்தில் எதை விடுவது என்பதற்கு மதிப்பெண்ணை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2 மணி நேரத்தில் முடியும் 5 மதிப்பெண் வினாத்தாள், 9 மணி நேரம் கேட்கும் 10 மதிப்பெண் அறிக்கையைவிட முதலில் வரும். கெடு தவறப்போகிறது என்று தெரிந்தால், முடிவதற்கு முன்பே ஆசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள்: என்ன முடிந்திருக்கிறது, என்ன மீதி, எந்தத் தேதியில் தருவீர்கள். கெடு முடிந்த பிறகு போய் நிற்பதைவிட இதற்கு இசைவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கேட்டவருடைய நான்கு பாடங்கள்

மேலே போட்ட கணக்கின்படி கையில் 7 மணி நேரம். மெஷின் லேர்னிங் வகுப்பு 3, அசைன்மென்ட் 8 என்று 11 கேட்கும். கூடவே கடைசியில் புராஜெக்ட் இருந்தால் அது மினி புராஜெக்டின் மூன்றாவது ரிவ்யூவோடு மோதும். அடுத்த செமஸ்டரிலும் அது வருமானால் இப்போது எடுக்க வேண்டாம். இடைப்பட்ட விடுமுறையில் அணிகளையும் நிகழ்தகவையும் பைத்தானையும் தேற்றிக்கொண்டு போங்கள். அப்போது அதே பாடம் 11-லிருந்து 8-க்கு இறங்கும்.

டெக்னிக்கல் ரைட்டிங்கில் வாரம் ஒரு சிறு எழுத்து வேலை என்ற அமைப்பு இருந்தால், இந்த நான்கில் என் தேர்வு அதுதான். களைத்த நேரத்திலும் செய்யலாம், சொட்டு வகை, கோர் பேப்பர் கேட்கும் மூளையை அது கேட்பதில்லை. அங்கே கற்கும் அறிக்கை அமைப்பு, படத்துக்கும் அட்டவணைக்கும் தலைப்பிடும் முறை, மேற்கோள் காட்டும் ஒழுங்கு எல்லாம் மினி புராஜெக்ட் அறிக்கைக்கு நேராக உதவும். ஒரே அறிக்கையை இரண்டு பாடத்துக்கும் கொடுக்க நினைத்தால், இரண்டு ஆசிரியர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொல்லாமல் கொடுத்தால் அது முறைகேடாகப் பதிவாகலாம். எழுதுவது என்றாலே கை நடுங்குகிறவர் என்றால் பொருளாதார அறிமுகம் அடுத்த தேர்வு. அதில் வாராந்தரக் கணக்குகள் இருக்கின்றனவா, அல்லது தேர்வு மட்டுமா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். உளவியல் நல்ல பாடம்தான், ஆனால் இரண்டு தேர்வை மட்டுமே நம்பி நடத்தப்பட்டால் 5, 10-ஆம் வாரங்களில் ஆறாவது பேப்பராக வந்து நிற்கும்.

இந்த முடிவைப் புரட்டிப்போடும் காரணம் ஒன்று உண்டு: மெஷின் லேர்னிங் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, நீங்கள் செய்ய நினைக்கும் இறுதியாண்டு புராஜெக்டுக்கு அது கட்டாயம் தேவை. அப்படியென்றால் எடுங்கள், ஆனால் 4 மணி நேரம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். மன்றப் பொறுப்பு ஏதாவது இருந்தால் இந்த செமஸ்டர் மட்டும் விட்டுவிடுங்கள், மினி புராஜெக்டில் சிறிய தலைப்பை எடுங்கள், அல்லது இரு தரப்பு அனுமதியோடு மினி புராஜெக்டையே அந்தப் பாடத்தோடு இணைத்துவிடுங்கள். இந்த மூன்றில் எது என்று பெயர் கொடுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இன்டர்னல் வாரத்தில் உட்கார்ந்து தேடினால் கிடைப்பது தூக்கத்தின் நேரம் மட்டும்தான்.